புகார்ப் பெட்டியின் சாவி யாரிடம்?

களியக்காவிளையில் தமிழகம் முடிகிறது. இஞ்சிவிளையில் கேரளம் தொடங்குகிறது. இடையே இருப்பது சில நிமிட நடைதூரம்தான். ஊரம்பிலும் பனச்சமூட்டிலும் அந்தத் தூரமும் இல்லை. சாலையின் ஒரு பக்கம் ஒரு மாநிலம், மறுபக்கம் இன்னொரு மாநிலம். பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டார மக்களுக்குப் பெண் கொடுத்ததும் எடுத்ததும், சந்தையும் கோயிலும் தேவாலயமும் எல்லையின் இரு புறங்களிலும் உண்டு. வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமும் பேசுகிற குடும்பங்களும், இரண்டையும் கலந்து பேசுகிற குடும்பங்களும் ஏராளம்.

இந்த மக்களுக்கு இரண்டு காவல்துறைகள் இருக்கின்றன. காலையில் ஒரு மாநிலக் காவலரின் சோதனைக்கு வாகனத்தை நிறுத்துகிறவர் மாலையில் மறு மாநிலக் காவலரின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். காவலர் தவறு செய்தால் முறையிட இவர்களுக்கு எத்தனை இடங்கள் இருக்கின்றன என்பதுதான் கேள்வி. சட்டப் புத்தகத்தின்படி இரண்டு மாநிலங்களிலும் காவல்துறை புகார் ஆணையங்கள் உள்ளன. நடைமுறையில் அவை சாமானியனுக்கு எந்த அளவுக்குக் கைகொடுக்கும் என்பதற்குப் பாறசாலையே சாட்சியாக நிற்கிறது.

நெய்யாற்றின்கரையை அடுத்த குளத்தூரைச் சேர்ந்த ஸ்ரீஜீவ் என்ற இளைஞர், திருட்டு வழக்கு ஒன்றில் பாறசாலை காவல்துறையினரால் பிடிக்கப்பட்டு, 2014 மே 21-ஆம் தேதி திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இறந்தார். மறைத்து வைத்திருந்த விஷத்தை அவரே குடித்துவிட்டார் என்றது காவல்துறை. குடும்பத்தினர் அதை ஏற்கவில்லை. நீதிபதி கே. நாராயண குருப் தலைமையிலான கேரள மாநிலக் காவல்துறை புகார் ஆணையம் விசாரித்து, 2016-இல் இது காவலில் நிகழ்ந்த கொலையே என்ற முடிவுக்கு வந்தது. குற்றம்சாட்டப்பட்ட காவலர்கள் மீது நடவடிக்கை எடுக்கவும், குடும்பத்துக்கு ரூ. 10 லட்சம் இழப்பீடு வழங்கவும் கூறியது.

ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தந்த முடிவு இது. அதன் பிறகு நடந்தது என்ன? நடவடிக்கைக்கு உயர் நீதிமன்றத்தில் தடை பெறப்பட்டது. இறந்தவரின் அண்ணன் ஸ்ரீஜித் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் ஈராண்டுக்கும் மேலாகத் தனியொருவராக அமர்ந்து போராடினார். 2018 ஜனவரியில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் அவருக்கு ஆதரவாகத் திரண்ட பிறகே, முன்பு மறுத்துவிட்ட மத்தியப் புலனாய்வுத் துறை வழக்கை ஏற்றுக்கொண்டது. அந்தத் துறையோ கடைசியில் இது தற்கொலை என்றது.

ஒரே மரணம். ஓர் அமைப்பு கொலை என்கிறது. இன்னோர் அமைப்பு தற்கொலை என்கிறது. இரண்டில் எது உண்மை என்று தீர்ப்பளிப்பது இக்கட்டுரையின் வேலையல்ல. ஆனால், ஒன்றை மறுக்க முடியாது. சாட்சியமும் தடயமும் கலையாமல் இருந்த முதல் சில மணி நேரங்களில், இறந்தவரைக் காவலில் வைத்திருந்த துறைக்கு அப்பாற்பட்ட எந்தக் கையும் அந்த நிலையத்துக்குள் நுழையவில்லை. பல மாதங்கள் கழித்து ஆவணங்களைப் புரட்டிய ஆணையமும், ஆண்டுகள் கழித்து வந்த புலனாய்வுத் துறையும் வெவ்வேறு முடிவுகளுக்கு வந்ததில் வியப்பில்லை.

திருவனந்தபுரம் கோட்டை காவல் நிலையத்தில் 2005 செப்டம்பரில் இறந்த உதயகுமாரின் வழக்கும் இதையே சொல்கிறது. அவருடைய தாயார் பிரபாவதி அம்மாள் 13 ஆண்டுகள் போராடி, 2018 ஜூலையில் இரு காவலர்களுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டதைக் கண்டார். 2025 ஆகஸ்டில் கேரள உயர் நீதிமன்றம் அனைவரையும் விடுவித்துவிட்டது. மகன் காவலில் இறந்து 20 ஆண்டுகள் ஆன பிறகு, அதற்குப் பொறுப்பு யார் என்ற கேள்வி தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்திருக்கிறது.

நெய்யாற்றின்கரையில் 2018 நவம்பர் 5-ஆம் தேதி இரவு நடந்ததையும் இங்கே நினைவுகூர வேண்டும். கொடங்காவிளையில் வாகனம் நிறுத்துவது தொடர்பாக எழுந்த தகராறில், காவல்துறை டி.எஸ்.பி. ஒருவர் தள்ளிவிட்டதில் சனல்குமார் என்பவர் ஓடிவந்த வாகனத்தில் அடிபட்டு இறந்தார். உயிருக்குப் போராடியவரை நேராக மருத்துவமனைக்குக் கொண்டு செல்லாமல் காலம் கடத்தியதாகக் குற்றச்சாட்டு எழுந்து, காவலர்கள் இருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். தலைமறைவான அதிகாரி ஒரு வாரத்துக்குப் பின் தம் வீட்டில் இறந்து கிடந்தார். வழக்கின் முதன்மை எதிரியே இல்லாமல் போனார். சட்டத்தின் முன் அவர் நின்றிருந்தால் இறந்தவரின் குடும்பத்துக்குக் கிடைத்திருக்கக்கூடிய விடை, அவரோடு போய்விட்டது.

இந்த மண்ணுக்கு இது புதிய கேள்வியும் அல்ல. 1938 ஆகஸ்ட் 31-ஆம் தேதி, சர் சி.பி. ராமசாமி ஐயர் திருவிதாங்கூரின் திவானாக இருந்த காலத்தில், நெய்யாற்றின்கரையில் மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது. 1954 ஆகஸ்ட் 11-ஆம் தேதி, தாய்த் தமிழகத்தோடு இணையக் கோரிப் போராடியவர்கள் மீது மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல்துறை சுட்டது. அப்போது ஆட்சியில் இருந்தது பட்டம் தாணு பிள்ளையின் பிரஜா சோஷலிஸ்ட் அமைச்சரவை. அந்தக் கட்சியின் பொதுச் செயலராக இருந்த ராம் மனோகர் லோகியா, தம் கட்சியின் ஆட்சி என்றும் பாராமல், துப்பாக்கிச் சூட்டுக்குப் பொறுப்பேற்று அமைச்சரவை விலக வேண்டும் என்றார். அமைச்சரவை விலகவில்லை. கட்சிப் பொறுப்பிலிருந்து விலகியவர் லோகியாதான். மக்களைச் சுடும் காவல்துறை யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற கேள்வி, சுதந்திர இந்தியாவில் மிக முன்னதாகவே உரத்து எழுந்த இடங்களில் ஒன்று இந்த எல்லைப் பகுதி.

அந்தக் கேள்விக்கு நாடு முழுமைக்குமான விடையை உச்ச நீதிமன்றம் 2006 செப்டம்பர் 22-ஆம் தேதி அளித்தது. ஓய்வுபெற்ற டி.ஜி.பி. பிரகாஷ் சிங் 1996-இல் தொடுத்த வழக்கில், தலைமை நீதிபதி ஒய்.கே. சபர்வால் தலைமையிலான அமர்வு மாநிலங்களுக்குப் பிறப்பித்த கட்டளைகளில் ஒன்று, காவல்துறை புகார் ஆணையங்களை அமைப்பது. மாநில அளவில் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதி தலைவர். மாவட்ட அளவில் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைவர். டி.எஸ்.பி. நிலை வரையிலான காவலர்கள் மீதான புகார்கள் மாவட்ட ஆணையத்துக்கு, எஸ்.பி.யும் அதற்கு மேற்பட்டவர்களும் மாநில ஆணையத்துக்கு. காவலில் மரணம், கொடுங்காயம், பாலியல் வன்முறை மட்டுமல்லாமல், பணம் பறித்தல், நிலம் வீடுகளை அபகரித்தல் போன்ற புகார்களையும் மாவட்ட ஆணையம் விசாரிக்கலாம். உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பதற்கான பட்டியலை மனித உரிமை ஆணையம், லோக் ஆயுக்த, அரசுப் பணியாளர் தேர்வாணையம் போன்ற அமைப்புகள் தயாரிக்க வேண்டும். அதில் பொதுமக்களிடமிருந்து வருவோரும் இடம்பெறலாம். ஆணையத்தின் பரிந்துரை சம்பந்தப்பட்ட அதிகாரிகளைக் கட்டுப்படுத்தும்.

மாநிலங்கள் இந்தக் கட்டளையைக் கையாண்ட விதம் நம் ஆட்சியாளர்களின் சாமர்த்தியத்துக்கு நல்ல உதாரணம். கேரளம் தன் 2011-ஆம் ஆண்டுக் காவல் சட்டத்தில் 110-ஆவது பிரிவின்படி ஆணையங்களை ஏற்படுத்தியது. தலைமைப் பொறுப்பை ஓய்வுபெற்ற நீதிபதிக்குத் தந்தது பாராட்டத்தக்கது. ஆனால், மாவட்ட ஆணையத்தில் அவருக்கு இரு புறமும் அமர்பவர்கள் மாவட்ட ஆட்சியரும், மாவட்டக் காவல் கண்காணிப்பாளரும். பாறசாலை நிலையக் காவலர் மீது ஒருவர் புகார் கொடுத்தால், அந்தக் காவலருக்கு அன்றாடம் உத்தரவிடும் அதிகாரியே நீதிபதியின் பக்கத்தில் அமர்ந்து கேட்பார்.

தமிழகம் ஒருபடி மேலே போய்விட்டது. 2013-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு காவல்துறை சீர்திருத்தச் சட்டத்தின்படி மாநில ஆணையத்தின் தலைவர் உள்துறைச் செயலர், உறுப்பினர்கள் டி.ஜி.பி.யும், சட்டம் ஒழுங்கு கூடுதல் டி.ஜி.பி.யும். மாவட்டத்தில் ஆட்சியர் தலைவர். காவல் கண்காணிப்பாளரும் கூடுதல் கண்காணிப்பாளரும் உறுப்பினர்கள். நீதிபதியும் இல்லை, பொதுமக்களின் பிரதிநிதியும் இல்லை. இதற்குப் புகார் ஆணையம் என்று பெயர் சூட்டியதில் என்ன பொருள் இருக்கிறது? துறைக்குள் ஏற்கெனவே இருக்கும் மேலதிகாரிகளின் விசாரணைக்கு இன்னொரு பெயர்ப் பலகை மாட்டப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்தபோது, உண்மையை வெளியே கொண்டுவரத் தாமாக முன்வந்தது சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. நிலையத்துக்குள் சென்று விசாரித்தவர் ஒரு நீதித்துறை நடுவர். அந்த வேலையைச் செய்யவேண்டிய ஆணையத்தை நாடு பார்க்கவில்லை.

காவல்துறையில் மக்களின் பங்கு என்று பேசும்போது, இரு மாநிலங்களும் வேறு சில திட்டங்களைச் சுட்டிக்காட்டுவது வழக்கம். கேரளத்தில் 2008-இல் தொடங்கிய ஜனமைத்ரி திட்டம், தமிழகத்தில் 1993-இல் ராமநாதபுரத்தில் தொடங்கிய காவல்துறை நண்பர்கள் குழு ஆகியவை அவை. காவலரும் மக்களும் பழகுவது நல்லதே. ஆனால், இவை காவல்துறைக்கு உதவுகிற மக்கள் குழுக்கள். காவல்துறையைக் கேள்வி கேட்கிற குழுக்கள் அல்ல. சாத்தான்குளம் சம்பவத்துக்குப் பிறகு நண்பர்கள் குழுவின் செயல்பாட்டைத் தமிழக அரசே 2020 ஜூலையில் நிறுத்திவைக்க நேர்ந்தது. உதவி செய்வதற்கும் மேற்பார்வை செய்வதற்கும் உள்ள வேறுபாட்டை மறைத்துவிட்டு மக்கள் பங்கேற்பு என்று பேசுவது பயன் தராது.

எல்லைக் கிராமத்துக்காரரின் நிலை இதைவிடச் சிக்கலானது. குற்ற வழக்குகளில் எல்லையைத் தாண்டும் வழியைச் சட்டம் கண்டுபிடித்திருக்கிறது. பாறசாலையைச் சேர்ந்த மாணவர் ஒருவர் 2022 அக்டோபரில் கஷாயத்தில் விஷம் கலந்து கொல்லப்பட்ட வழக்கில், விஷம் கொடுக்கப்பட்ட வீடு குமரி மாவட்டத்தில், மரணம் திருவனந்தபுரத்தில். விசாரிக்கும் அதிகாரம் எந்த மாநிலத்துக்கு என்ற விவாதம் எழுந்தது. முடிவில் கேரளக் காவல்துறை விசாரித்து, நெய்யாற்றின்கரை நீதிமன்றம் 2025 ஜனவரியில் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவோ, குற்றம் எந்தப் பகுதியில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் அளிக்கலாம் என்கிறது.

காவலர் மீதான புகாருக்கு இப்படி ஒரு வழி உண்டா? பனச்சமூட்டில் கேரளப் பகுதியில் வசிக்கும் ஒருவரைத் தமிழகக் காவலர்கள் விசாரணைக்கு அழைத்துச் சென்று அடித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். திருவனந்தபுரத்திலுள்ள ஆணையத்துக்குத் தமிழகக் காவலர் மீது அதிகாரம் இல்லை. அவர் நாகர்கோவிலுக்குப் போய் வேறு மாநிலத்து ஆட்சியரிடமும் எஸ்.பி.யிடமும் முறையிட வேண்டும். களியக்காவிளைக்காரர் பாறசாலையில் அடிபட்டால் நிலைமை தலைகீழ். அவர் தமிழில் எழுதிய மனுவுடன் திருவனந்தபுரம் செல்ல வேண்டும். கேரளத்தில் வாழும் தமிழ்ச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் அரசுடன் கடிதப் போக்குவரத்து நடத்த 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் உரிமை தந்திருக்கிறது. எல்லைக்கு மறுபுறத்திலிருந்து வரும் தமிழருக்கு அந்த உரிமையும் இல்லை. வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் சொல்வது என்பது பழமொழி. இங்கே இரண்டு வேலிகள். இரண்டுக்கும் நடுவே பயிர்.

நாடாளுமன்றத்தில் இதைப் பற்றிக் கேள்வி எழும்போதெல்லாம் உள்துறை அமைச்சகத்திடமிருந்து வரும் பதிலின் முதல் வரியைச் செய்தியாளர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள்: அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணைப்படி காவல்துறையும் பொது ஒழுங்கும் மாநிலப் பொருள்கள். உண்மைதான். ஆனால், குற்றவியல் நடைமுறை பொதுப் பட்டியலில் இருக்கிறது என்பதும் அதே அட்டவணையில் உள்ள உண்மை. 2023-இல் மூன்று குற்றவியல் சட்டங்களை முழுவதுமாக மாற்றி எழுதிய மத்திய அரசு, காவலில் நேரும் மரணத்தை அந்தக் காவல்துறைக்கு வெளியே உள்ள அமைப்பே தொடக்கத்திலிருந்து புலனாய்வு செய்ய வேண்டும் என்று ஒரு பிரிவைச் சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. சித்திரவதைத் தடுப்பு மசோதா 2010 மே மாதம் மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையின் தெரிவுக் குழுவுக்குச் சென்று, 15-ஆவது மக்களவையோடு காலாவதியானது. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997-இல் கையெழுத்திட்ட இந்தியா அதை இன்னும் உறுதி செய்யவில்லை. எந்தக் கட்சி ஆண்டாலும் இந்த விஷயத்தில் தில்லியின் வேகம் ஒன்றுபோலவே இருந்து வந்திருக்கிறது.

மேற்பார்வை என்றாலே காவலரின் மனவலிமை குன்றிவிடும் என்று வாதிடுவோர் உண்டு. அவர்கள் சொல்வதைப் புறந்தள்ளிவிட முடியாது. 2020 ஜனவரி 8-ஆம் தேதி களியக்காவிளை சோதனைச் சாவடியில் பணியிலிருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். எல்லையில் இரவுக் காவல் நிற்பது எத்தனை ஆபத்தான பணி என்பதை அந்தக் குடும்பம் அறியும். ஆனால், நேர்மையாகப் பணியாற்றும் காவலருக்குச் சுயேச்சையான விசாரணை பாதுகாப்பேயன்றி அச்சுறுத்தல் அல்ல. பொய்ப் புகாரிலிருந்து ஒருவரை விடுவிக்கும்போது மேலதிகாரியின் சான்றிதழை ஊர் நம்பாது. வெளியாரின் முடிவையே நம்பும்.

பிற நாடுகளில் இது எப்படி நடக்கிறது? மத, இனப் பிளவால் காவல்துறை மீதான நம்பிக்கையே சிதைந்துபோயிருந்த வட அயர்லாந்தில், 2000-ஆம் ஆண்டு நவம்பரில் காவல்துறைக்கான தனிக் குறைதீர்ப்பாளர் பதவி செயல்படத் தொடங்கியது. காவல்துறையைச் சாராத சொந்தப் புலனாய்வாளர்கள் அந்த அலுவலகத்துக்கு உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ள காவல் ஒழுங்கு அலுவலகத்தின் தலைமை இயக்குநராகக் காவல்துறையில் எப்போதாவது பணியாற்றிய எவரும் வரமுடியாது என்று சட்டமே தடுக்கிறது. நம் ஊரில் இன்றைய டி.ஜி.பி.யே உறுப்பினர்.

இங்கே செய்யக்கூடியவை மிகக் கடினமானவை அல்ல. முதலாவதாக, மாவட்ட ஆணையங்களிலிருந்து ஆட்சியரையும் காவல் கண்காணிப்பாளரையும் விலக்கி, 2006 தீர்ப்பில் கூறியபடி பட்டியலிலிருந்து தேர்வாகும் முழுநேர உறுப்பினர்களை அமர்த்த வேண்டும். அவர்களில் அந்த வட்டாரத்து மக்களும் பெண்களும் இருக்க வேண்டும். இரண்டாவதாக, ஆணையத்துக்குச் சொந்தப் புலனாய்வாளர்கள் வேண்டும். காவலில் மரணம் என்ற தகவல் வந்த உடனே நிலையத்தின் கேமராப் பதிவைக் கைப்பற்றும் அதிகாரம் அவர்களுக்கு வேண்டும். எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா பொருத்த 2020 டிசம்பர் 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால், 2023 ஏப்ரலில் திருச்சூர் மாவட்டம் குன்னங்குளம் காவல் நிலையத்தில் இளைஞர் காங்கிரஸ் நிர்வாகி ஒருவர் தாக்கப்பட்ட காட்சி, தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே நெடிய போராட்டம் நடத்தி 2025 செப்டம்பரில்தான் வெளிவந்தது. கேமரா இருந்தும் பதிவு யார் கையில் என்பதே கேள்வியாகிவிட்டது.

மூன்றாவதாக, எல்லை மாவட்டங்களில் ஒரு மாநில ஆணையம் மறு மாநிலக் காவலர் மீதான புகாரையும் தமிழிலோ மலையாளத்திலோ பெற்றுக்கொண்டு, குறித்த நாள்களுக்குள் உரிய ஆணையத்துக்கு அனுப்ப ஏற்பாடு வேண்டும். குற்றத்துக்கு எந்த நிலையமும் தகவல் பெறலாம் என்றால் காவலரின் குற்றத்துக்கு மட்டும் ஏன் கூடாது? இதைப் பேசுவதற்கான மேடை ஏற்கெனவே இருக்கிறது. 1956-இல் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்களைத் தமிழகத்தோடு சேர்த்து, நெய்யாற்றின்கரையைக் கேரளத்திலேயே விட்ட மாநிலங்கள் மறுசீரமைப்புச் சட்டம்தான் மண்டலக் குழுக்களையும் உருவாக்கியது. எல்லைப் பிரச்சினைகளையும் மொழிச் சிறுபான்மையினர் தொடர்பானவற்றையும் அக்குழுக்கள் விவாதிக்கலாம் என்று அதே சட்டம் கூறுகிறது. தென் மண்டலக் குழுவின் தலைவர் மத்திய உள்துறை அமைச்சர். உறுப்பினர்களில் இரு மாநில முதல்வர்களும் அடங்குவர். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்க எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை. சென்னையிலிருந்தோ திருவனந்தபுரத்திலிருந்தோ ஒரு கடிதம் போதும்.

நான்காவதாக, ஆணையத்தின் பரிந்துரையை நிறைவேற்றாத அரசு அதற்கான காரணத்தைச் சட்டப்பேரவையில் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். அப்போதுதான் பரிந்துரை கோப்புக்குள் உறங்காது. எதிர்க்கட்சி கேட்கும், பத்திரிகை எழுதும்.

மக்களவைத் தேர்தலின்போது கன்னியாகுமரியிலும் திருவனந்தபுரத்திலும் வாக்குக் கேட்கும் கட்சிகள் மீன்பிடித் துறைமுகம், ரயில் பாதை, நான்குவழிச் சாலை பற்றிப் பேசுகின்றன. தேவையானவைதான். அந்தச் சாலையில் இரவு நேரத்தில் காவலரால் நிறுத்தப்படும் இளைஞர் காலையில் உயிரோடு வீடு திரும்புவார் என்ற உறுதி அதைவிடத் தேவையானது. பாறசாலை காவலில் நடந்தது என்ன என்பதை அறிய ஓர் அண்ணன் தலைமைச் செயலக வாசலில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருந்தார். புகார்ப் பெட்டியின் சாவி காவலரிடமே இருக்கும்வரை, அந்த வாசலில் அடுத்து வந்து உட்காரப் போகிறவர் எல்லையின் எந்தப் பக்கத்தவராகவும் இருக்கலாம்.